கூடாரத்துக்குள் ஓர் எல்லைக்கல்

எந்தக் கிராமம் மதராஸுக்கு, எது ஆந்திராவுக்கு என்று முடிவான பிறகு, கோடு போகும் வழியெல்லாம் கல் நட வேண்டியிருந்தது. சர்வேயரோடு அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆளாக நான் சத்தியவேடு பக்கம் போனேன். சங்கிலி பிடிப்பவன் பேச வேண்டியதில்லை. இழு என்றால் இழுத்து, நில் என்றால் நின்றால் போதும். நாலாம் வகுப்போடு நின்றவன், வாய் திறக்கக் கூசுகிறவன், எனக்கு ஏற்ற வேலைதான்.

மனைவியும் மூன்று வயது மகளும் உடன் வந்தார்கள். நாற்பதைத் தாண்டிப் பிறந்த பிள்ளை. விட்டுவிட்டு மாதக்கணக்கில் இருக்க என்னால் முடியவில்லை. குழந்தைக்கு இழுப்பு உண்டு. கிளம்பும்போதே மனைவி சொல்லிவிட்டாள்: "ஒரு தபா பாப்பேன். ரெண்டாந்தபா மூச்சு இழுத்துச்சுனா புத்தூர்ல எங்கண்ணன் ஊட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

ஆபீசில் கழித்துப் போட்ட கூடாரம் ஒன்று கிடைத்தது. நாலு நாளைக்கு ஒரு தரம் முகாம் மாறும். கயிற்றுக்கட்டிலை ஏற்ற முகாமின் மாட்டு வண்டிக்காரர் மறுத்துவிட்டார். தரையோ ஈரம். காய்ந்த வேர்க்கடலைக் கொடியைப் பரப்பி மேலே பாய் போட்டேன். மறுநாள் திரும்பி வந்தால், வண்டி மாடுகள் உள்ளே தலையை விட்டுப் பாதிப் படுக்கையைத் தின்றிருந்தன.

"நைனா, மாடு நம்ம பட்கைய துன்னுட்ச்சு!" என்று மகள் கை தட்டினாள்.

"ஊரையே அளக்கிற. மாட்டு வாயி எம்மாந்தூரம் நீளும்னு அளக்கலியா?" என்றாள் மனைவி.

பிறகு சாக்கில் உமி அடைத்துத் தைத்தேன். அது தேறியது. சிம்னி விளக்கின் புகை ஆகாதென்று அரிக்கேன் விளக்கை வெளியே கொம்பில் மாட்டினேன். துணி வழியே வந்த மங்கல் வெளிச்சத்தில் சாப்பிட்டோம். சோற்றில் கல் இருந்தால் பல்லுக்குத்தான் தெரியும்.

சூடுதான் அகப்படவில்லை. மார்கழிப் பனி துணியில் ஊறிச் சொட்டியது. குமுட்டி அடுப்பில் கரி போட்டு உள்ளே வைத்தேன். விடியும்போது குழந்தையின் நெஞ்சு துருத்திபோல ஏறி இறங்கியது.

"ஒண்ணு ஆச்சு" என்றாள் மனைவி.

அன்று சாயங்காலம் அவளே வழி கண்டாள். நடுவதற்கு இறக்கிய கற்களில் சின்னதாக ஒன்றைச் சோறாக்கிய அடுப்போரம் உருட்டினாள். சூடேறியதும் கோணியில் சுற்றிக் குழந்தையின் காலடியில் வைத்தாள். புகையில்லை. குழந்தை அசையாமல் தூங்கியது. அடுத்த முகாமுக்கும் அந்தக் கல் எங்களோடு வந்தது.

ஒரு வாரம் போனது. ஒரு நாள் காலை ஆட்கள் அதையும் சேர்த்துக் கோட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சர்வேயர் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கரி, குறுக்கே விரிசல்.

"ஏமய்யா, கல்லுக்கு ஜொரமா?"

எல்லாரும் சிரித்தார்கள். வண்டிக்காரர்தான் அதை அடுப்புக்கு வைத்தார் என்று நினைத்து, சர்வேயர் அவரைத் திட்டினார். நான் சங்கிலியைப் பார்த்தபடி நின்றேன். கல்லைக் கழித்து, முகாமில் வண்டியோரம் போட்டுவிட்டார்கள். அதையோ வேறொன்றையோ எடுக்க எனக்குத் துணிவில்லை.

"அந்தாளு திட்டு வாங்குறாரு, நீ வாயில இன்னா வெச்சிக்கினு இருந்த?" என்றாள் மனைவி, கேள்விப்பட்டதும்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் சொல்லவில்லை. கல் இல்லாத இரண்டாம் விடியலில் குழந்தைக்கு மறுபடி மூச்சு இழுத்தது. மனைவி எண்ணிச் சொல்லவில்லை. துணிகளை மூட்டை கட்டினாள்.

அப்போதுதான் சர்வேயரிடம் ஓடினேன். "சார், அந்தக் கல்லு... நான்தான். கொயந்தைக்கு ஒத்தடம்."

அவர் எழுந்து பெட்டியைத் திறந்து ஒரு கம்பளியை எடுத்துக் கொடுத்தார். "ரெண்டு வெச்சிருக்கேன். மொதல்லயே கேக்கறதுக்கு இன்னாய்யா?"

மனைவி கம்பளியை வாங்கிக் குழந்தையைச் சுற்றினாள். மூட்டையை அவிழ்க்கவில்லை.

"கல்லையும் வண்டில ஏத்து" என்றாள்.

நான் குனிவதற்குள் வண்டிக்காரரே அதைத் தூக்கி வைத்தார். என் பக்கம் திரும்பாமல் மாட்டைப் பூட்டினார்.

எல்லைக்கு ஆகாத கல் புத்தூருக்குப் போனது. நான் சங்கிலியை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு நடந்தேன். உமிப் படுக்கை ஒருவனுக்கு மிகவும் அகலம்.