நமக்கு ஏது டிரஸ்ட் ஃபண்ட்

“தைப்பூசத்துக்கு மறுநாள், காலை பத்தே கால், ரிங்லெட் பஸ் நிறுத்தம். தவறான விளக்கம் கொடுத்தேன்.” என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான்.

நிறுத்தத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர். விரல் நுனியெல்லாம் கறை. மடியிலிருந்த பையைத் திறந்து, ஒரு கடித உறை இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டார். நான் செய்தித்தாள் படிப்பதைக் கண்டு கேட்டார்.

“அண்ணே, டிரஸ்ட் ஃபண்டுன்னா என்னாண்ணே?”

“பணக்காரப் புள்ளைங்க ஒக்காந்து தின்ன அப்பன் சேத்து வெக்கிற காசும்மா. நமக்கு ஏதுலா அதெல்லாம்?”

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

“அதானே! எங்க வீட்டுக்காரரு லோரி கவுந்து செத்ததுக்கு, மவ பேருல அது இருக்குன்னு கடுதாசி வந்துச்சு. தப்பா வந்துருக்கும். திருப்பி அனுப்பிடுறேன்.”

ஒரு பிள்ளைக்குச் சேர வேண்டிய பணத்தை இன்னொருவர் பொறுப்பில் வைத்துக் காத்து, உரிய வயதில் கொடுப்பதுதான் டிரஸ்ட் ஃபண்ட். எனக்கு அது தெரியும். ஆனாலும் பணக்காரர்களைக் கேலி செய்யத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பழகியிருந்தேன். சிரித்தவர்கள் முன்னால் என் பேச்சை நானே மறுக்கக் கூசி நின்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

பிறகு மூன்று தோட்டங்களில் விசாரித்தேன். பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. அந்தக் கடிதம் திருப்பி அனுப்பப்பட்டதா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.