கார்பன் தாளில் பழகிய கை

மச்சானின் பேனாப் பைத்தியத்தைக் கேலி செய்யாமல் நான் அவன் வீட்டு வாசல்படி தாண்டியதில்லை. என் மனைவியின் தம்பி அவன். அஸ்தினாபுரத்தில் வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க கீபோர்டைத் தட்டுகிறவனுக்கு எதற்கடா டப்பா நிறைய மை பேனா என்பேன். விரலில் ஒட்டிய மையைத் துடைத்தபடி சிரிப்பான், அவ்வளவுதான்.

போன தை மாதம் என் வாய் அடங்கியது. வலது கட்டைவிரலில் அப்படி ஒரு வலி. பேனாவை இப்படி அழுத்தினால் விரல் தாங்காது, எழுதுவதைக் குறைத்துக்கொண்டு போனில் பேசி டைப் செய்யுங்களேன் என்றார் டாக்டர். செய்து பார்த்தேன். நான் ஒன்று சொன்னால் அது ஒன்று எழுதியது. அதுகூடப் பரவாயில்லை, கையால் எழுதினால்தான் எனக்கு அடுத்த வரி வரும். இத்தோடு நம் எழுத்து முடிந்தது என்றே பயந்துவிட்டேன்.

மை பேனாவில் அழுத்தாமலே எழுதலாம் என்பார்களே என்று, வெட்கத்தை விட்டு மச்சானிடமே போய் நின்றேன். விலை குறைவாக ஒரு மை பேனா சொல், எடுத்த எடுப்பில் விலை கூடியதை வாங்கி பீரோவில் பூட்டிவைக்க என்னால் ஆகாது என்றேன். முதலில் எழுதிப் பாருங்கள் என்று தனக்குப் பிடித்த பேனாவையே எடுத்து நீட்டினான். பிள்ளையார் சுழி போட்டுவிட்டு எழுதினேன். மூன்றாவது வரியில் நிப்பு இரண்டாகப் பிரிந்து மேலே வளைந்துவிட்டது.

அவன் பேனாவைப் பார்க்கவில்லை. காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் புடைத்திருந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். இப்படி அழுத்தி எழுத எங்கே பழகினீர்கள் என்று கேட்டான்.

வாலிபத்தில் தாம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போட்டேன். மேலே வெள்ளை, நடுவில் மஞ்சள், அடியில் பிங்க், இடையிடையே கார்பன். பிங்க் தாளில் எழுத்து தெரியாவிட்டால் முதலாளி கத்துவார். அதனால் குத்திக் குத்தித்தான் எழுதுவோம். இதைச் சொல்லி முடித்ததும் மச்சான் தலையாட்டினான்.

"மாமா, நீங்க இன்னும் அந்த பிங்க் பேப்பருக்குத்தான் எழுதிட்டு இருக்கீங்க. அடியில இப்ப எதுவும் இல்ல."

கடையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. என் கைக்கு அதை யாரும் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போனோம். முதலில் நான் எடுத்தது பளபளப்பான, ஒல்லியான பேனா. அழகில் மயங்க வேண்டாம், விரலுக்கு ஆகாது என்று மச்சான் என் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தான். அடுத்தது சாதாரண பிளாஸ்டிக் உடம்பு, ஸ்டீல் நிப்பு, பிடிக்கக் கொஞ்சம் பருமன். கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தார். எழுதினேன். கை பழையபடி குத்தத்தான் பார்த்தது.

மச்சான் அந்தக் காகிதத்தை எடுத்துத் தன் உள்ளங்கையில் விரித்து என் முன்னால் நீட்டினான்.

"இதுமேல எழுதுங்க."

கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்குக் கூச்சம். ஆனாலும் எழுதினேன். அவன் கையில் எப்படி அழுத்துவது? பேனா தானாகவே போனது. காகிதத்தைத் திருப்பித் தடவினால் ஒரு புடைப்பும் இல்லை. விரலும் வலிக்கவில்லை. கடைக்காரர் எதிரிலேயே என் கண் கலங்கியது. நன்றி என்று சொன்னேன். மாமன் மச்சானுக்குள் என்ன நன்றி என்று பேச்சை மாற்றிவிட்டான். தன்னுடைய வளைந்த நிப்பைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

இதை அந்தப் பேனாவில்தான் எழுதுகிறேன். அவசரத்தில் கை சில சமயம் பழைய புத்தியைக் காட்டும். அப்போது காகிதத்துக்கு அடியில் அவன் உள்ளங்கை இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.