வெரோனாவில் ஏழு மணியா, பதினொன்றா

விம்பிள்டனில் டிராம் கிளம்பக் காத்திருக்கிறது. என்னைப்போல அதற்கும் இருப்புக்கொள்ளவில்லை. கதவுகளை மூடுகிறது, திறக்கிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவரின் நெற்றியில் கோயில் திருநீறு, முழங்கால்களுக்கு நடுவே கோல்ஃப் பை. அவர் கைப்பேசியில் வெரோனா என்ற பழைய இத்தாலிய நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தின் படம். அவரையும் சேர்த்து நான்கு நண்பர்களுக்கு அங்கே ஜூலை விடுமுறை. ஆட்டம் தொடங்கும் நேரம் மட்டும் முடிவாகவில்லை.

"ஏழு மணியோ, பதினொண்டோ எண்டு யோசிக்கிறன்," என்கிறார்.

"ஜூலை வெயிலுக்கு ஏழுதான் நல்லது, அண்ணே."

"லண்டனுக்கு வர முதல் இந்த மைதானத்திலதான் புல்லு வெட்டினனான், தம்பி. ஏழு மணிக்காரர் வந்தா மெஷினை நிப்பாட்டிப்போட்டு ஓரமா நிக்கோணும். இந்தப் படத்தில மெஷினில இருக்கிறவன் மார்க்கோ, என்ர கூட்டாளி. அவனை நான் ஓரத்தில நிப்பாட்டுறதோ?"

"அப்போ பதினொண்ணு."

"அதுக்குள்ள அவன் வேலை முடிஞ்சு போயிடுவான். போன் நம்பரும் இல்லை."

டிராம் நகர்கிறது. மழையில் நனைந்த புல்வெளிகள் ஜன்னலில் வழுக்கிப் போகின்றன. இரண்டு நிறுத்தம் வரைக்கும் அவர் விரல் திரைக்கு மேலேயே நிற்கிறது. பிறகு பதினொன்றை அழுத்திவிட்டு மனைவியை அழைக்கிறார்.

"இஞ்சரும், என்ர றப்பர் பூட்ஸையும் பெட்டியில வையும்."

மறுமுனையின் குரல் எனக்கே கேட்கிறது: "விளையாடப் போறியளோ, வேலைக்குப் போறியளோ?"

"விடிய அஞ்சு மணிக்கு மார்க்கோவோட வேலை," என்கிறார். "விளையாட்டு பிறகு."