வலிக்காத கால்

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவன் காலில் வலி என்று சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆளே இல்லை. இருசப்பனுக்கு அந்தப் பெருமை கொஞ்சம் அதிகம். வருஷாவருஷம் ஈர மண்ணை மிதித்து இறுக்கிய கால் அது. சர்க்கரை வந்து உணர்ச்சி செத்துப்போனபோதும், அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டார். கடவுள் மனுஷனுக்கு வலியைக் கொடுத்ததே காவலுக்குத்தான். காவல் ஓடிப்போனதை ஒருவர் கொண்டாடினால் என்ன செய்வது?

கட்டைவிரலுக்கு அடியில் புண் வந்தது, ஆறவில்லை. உடனே ஆளாளுக்கு வைத்தியரானார்கள். தங்கை சின்னப்பாப்பா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பினாள். வானூர் சந்தையில் மைக் பிடித்துக் கத்தியவனிடம் இவரே ஒரு பச்சைக் களிம்பு வாங்கி வந்தார். கூட்டாளி கண்ணாயிரம், உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்து புண்ணில் ஊற்றினான்.

"எரியுதாடா?"

"ஒரு எழவும் தெரியல."

"பாத்தியா, மருந்து கேக்குது!"

இருசப்பன் மனைவி பொன்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எரியலன்னா ஆறுதுன்னு அர்த்தமா? ரெண்டு பேரும் மூளைய உப்புல ஊற வெச்சிருக்கீங்களா?"

அரசு ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸம்மா செத்த சதையை எடுத்து, ஜெல் தடவிக் கட்டுப் போட்டார்.

"மருந்து மட்டும் போதாதுங்க. சுகர் இறங்கணும். இந்தக் கால ஊனவே கூடாது. எலும்புக்குப் போச்சுன்னா வெட்டத்தான் வேணும்."

இருசப்பன் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்குக் குறையே கிடையாது. மறுநாளே கட்டின்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு பாத்தி மிதிக்கப் போய்விட்டார். ஜெல்தான் உள்ளே இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளுமாம்! கூலிக்கு ஆள் வைத்துவிட்ட முதலாளி மாதிரி நினைப்பு.

பொன்னி தேடிக்கொண்டு வரப்புக்கு வந்தபோது, பை கிழிந்து, மிதித்த தடமெல்லாம் சிவந்து கிடந்தது. அவர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

"யோவ், பின்னாடி திரும்பிப் பாரு."

பார்த்தார். பாட்டு நின்றது. "யாரு ரத்தம் இது?"

"கண்ணாயிரத்துதா இருக்கும்! உன் காலுக்குத்தான் ஒண்ணுமே ஆவாதே!"

இந்தத் தடவை பெரிய டாக்டர் பார்த்தார். விரலை எடுத்தால்தான் கால் தங்கும் என்றார்.

இருசப்பன் மெதுவாகக் கேட்டார்: "அப்புறம் எப்ப சார் மிதிக்கப் போலாம்?"

"முருகா!" என்று பொன்னி தலையில் அடித்துக்கொண்டாள். "மரத்துப்போற ஊசிய இந்த ஆளு வாயில போடுங்க சார்."

விரல் போயிற்று. முருகன் புண்ணியத்தில் கால் தங்கியது. தினமும் கட்டு மாற்றியபின், பொன்னி முகம் பார்க்கும் கண்ணாடியை இன்னொரு பாதத்துக்கு அடியிலும் பிடித்து, புதுப் புண் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறாள். வலிக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. அவர் பேச்சை யார் நம்புவது?