சட்டையோட கதி

இப்ப நான் இருக்குற பத்துபஸ்தி வீட்ல பேத்தி புதுசா ஒரு மெஷினு வாங்கி வச்சிருக்கா. ஈரத்துணிய உள்ள தள்ளுனா சுட்ட அப்பளம் மாதிரி சூடா, மொடமொடன்னு வெளிய வருது. நேத்து அப்படி ஒரு மழை, ஆனா துணி காஞ்சிருச்சு. எடுத்து மோந்து பாத்தேன். ஒரு வாடையும் இல்ல. எங்க காலத்துல பாதி காஞ்ச சட்டைக்குன்னு ஒரு வாடை உண்டு. நனைஞ்ச நாயும் வெறகுப் பொகையும் கலந்தாப்புல. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு அது தெரியாது. குடுத்து வச்சதுங்க.

அந்த வாடைக்கு நடுவுலதான் என் நாத்தனா செல்வி பிசிக்ஸ் படிச்சா. நான் படிச்சது ரெண்டாங்கிளாஸு, அதுலயும் பாதி நாளு ஆடு மேச்சேன். அதனால பயப்படாதீங்க, பாடம் எடுக்க மாட்டேன்.

அப்ப ஜங்லிகாட்ல தகரக் கூரை வீடு. எங்க வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துல வேலை. அப்பா அம்மா இல்லாத தங்கச்சிய ராமநாதபுரத்துலேர்ந்து கப்பல்ல இந்தத் தீவுக்குக் கூட்டியாந்து படிக்க வச்சாரு. ஸ்கூல்ல எல்லாமே இந்தி. அவ வீட்ல தமிழ் பேசுவா, வெளிய இந்தி, கோவம் வந்தா ரெண்டும்.

கடைசி வருஷம். பிசிக்ஸ் மாஸ்டர் ஒரு பெங்காலி. ஆளுக்கொரு விஷயத்த எடுத்து சொந்தமா ஆராயணும், திங்கக்கெழமைக்குள்ள விஷயம் முடிவாகலேன்னா பரீட்சைக்குப் பேர் அனுப்ப மாட்டேன்னுட்டாரு. அது எங்க வீட்டுக்காரரு காதுல விழுந்துச்சு. பேர் போகலேன்னா அடுத்த கப்பல்ல மெயின்லேண்டு, அங்க மாமன் மவன் காத்துட்டிருக்கான்னாரு. அந்த மாமன் மவன எனக்குத் தெரியும். காத்துட்டிருக்கறதத் தவிர அவனுக்கு வேற வேலை தெரியாது.

செல்வி மொதல்ல கடலோட ஏத்த எறக்கம்னு எழுதிட்டுப் போனா. நிலாவ நீ தள்ளி வைப்பியா, கிட்ட வைப்பியான்னு மாஸ்டர் கேட்டாராம். ஏதாவது ஒண்ண நாம மாத்திப் பாக்க முடியணுமாம். அப்புறம் மின்னல்னு போனா. அத எதால அளப்பேன்னாராம். சனிக்கெழமை ராக்கெட்டுன்னு எழுதுனதும் திரும்பி வந்துச்சு. எங்க வீட்ல வெறகடுப்பு போக இருந்தது ஒரு பம்பு ஸ்டவ்வு. அதுவே பறந்துடும்னு நான் தள்ளித்தான் நிப்பேன்.

அன்னிக்கும் மழைதான். அடுப்படில முட்டியக் கட்டிட்டு ஒக்காந்து, மாஸ்டர் கடைசியாச் சொன்னத முணுமுணுத்துட்டிருந்தா. "கிஸீ ஏக் சீஸ் கீ கதி நாபோ." எனக்குத் தெரிஞ்சது கடைத்தெரு இந்தி. நாபோன்னா அள. ஏதோ ஒண்ணோட கதிய அளந்து பாருங்கறாரு. கதின்னா நமக்கு என்ன? நெலமை, தலையெழுத்து. அட, நல்ல மனுஷன், ஒருத்தரு கதி என்னாச்சுன்னு விசாரிக்கச் சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

"இதுக்கா அழுவுற? கொடில உங்கண்ணன் சட்டை நாலு நாளாத் தொங்குது, இன்னும் சொட்டுது. அதோட கதிய எழுது. அத விட மோசமான கதி இந்தத் தீவுல யாருக்கும் கெடையாது."

மூக்கு ஒழுக ஒழுகச் சிரிச்சா. "அண்ணி, இந்தில கதின்னா வேகம்." சொல்லிட்டு சட்டையப் பாத்தா. சிரிப்பு நின்னு போச்சு. "அண்ணி, அது எவ்ளோ வேகமாக் காயுதுன்னு அளக்கலாம்ல?"

"எதால அளப்ப?"

"தெருமுனைல காக்கா கடைத் தராசு இருக்குல்ல. தண்ணி போகப் போக எடை கொறையும்."

எனக்கு உற்சாகம் வந்துருச்சு. சேலை, போர்வை, பாவாடை எல்லாத்தையும் சேர்த்துக்க, பேப்பர் நெறையும்னேன். வேணாம் அண்ணி, பெருசா எடுத்துத்தான் மூணு தரம் திரும்பி வந்தேன்னா. ஒரே சட்டை, ஒரே அளவு தண்ணி. எடம் மட்டும் மாறும். அடுப்புக்கு மேல, சன்னல்ல, மூடுன ரூம்புல.

ஞாயித்துக்கெழமை சட்டையத் தூக்கிட்டு மணிக்கொரு தரம் கடைக்கு ஓடுனோம். கடைக்காரரு மலையாளத்து முஸ்லிம், காக்கான்னுதான் எல்லாரும் கூப்புடுவோம். படிக்கல்ல வச்சுட்டே சொட்டுற சட்டையப் பாத்து, இந்த மீனு நாளைக்கும் வருமான்னு கேட்டாரு.

திங்கக்கெழமை காலையில வேலைக்குக் கெளம்பி, இவரு கொடியத் தேடுறாரு. இருந்ததே ரெண்டு சட்டை. "என் சட்டை என்ன கதி?"ன்னாரு. பிசிக்ஸ் படிக்குதுன்னேன். மொறைச்சுட்டு, இருந்த இன்னொரு ஈரச்சட்டைய மாட்டிட்டுப் போயிட்டாரு.

சாயங்காலம் செல்வி ஓடியாந்தா. மாஸ்டர் தாளப் படிச்சுட்டு, "ஏக் கமீஸ், தீன் ஜகா. பஸ்"னு கையெழுத்துப் போட்டாராம். ஒரு சட்டை, மூணு எடம், போதும். இவரு மாமனுக்கு எழுதி வச்சிருந்த கடுதாசிய எடுத்து அடுப்புல போட்டாரு. மேல தொங்குன சட்டைக்கு நெருப்பு கூடிப் போச்சு, அன்னிக்குக் கணக்கு தப்புன்னு செல்வி மறுபடி சட்டைய நனைச்சா.

அப்புறம் அவ டெலானிபூர்ல டீச்சரானா. ஞாயித்துக்கெழமை வந்தா, செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடியே கேப்பா, "அண்ணி, என்ன கதி?" இன்னும் ஈரந்தான்டீம்பேன். நாப்பது வருஷமா இதேதான்.

இப்ப காக்கா கடை இருந்த எடத்துல மொபைல் விக்கிறாங்க. அந்தத் தராசு எங்க போச்சோ. சட்டை அப்பவே அடுப்படித் துணியாயிருச்சு, இவரும் போயிட்டாரு. போன வருஷ மழைக்கு முன்னாடி செல்வியும் போயிட்டா.

நேத்து மெஷினு கூவுச்சு. "என்னாச்சு பாட்டி?"ன்னு பேத்தி உள்ளேர்ந்து கேட்டா. ஈரந்தான்டீன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. கையில துணி நல்லாக் காஞ்சிருந்துச்சு.