பாதிப் பொருத்தம்

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவள் ஜித்ராவில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தாள். நான் புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டாரில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்வருபவன். கூடப் பிறந்தது நாங்கள் இருவர்தான்.

கீமோவில் நோய் அடங்கியது. திரும்பி வராமலிருக்க இன்னொருவரின் ஸ்டெம் செல்களை ஏற்ற வேண்டும் என்றார்கள். என்னைச் சோதித்ததில் பாதிதான் பொருந்தியது. நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அக்காவோ சிரித்தாள்.

“பாதிதானா லா? சின்ன வயசுல ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங்கூட நீ எனக்கு முழுசா குடுத்ததில்லையே.”

டாக்டர் எங்களைவிட இளையவர், நம்மூர்த் தமிழ்ப் பெண்.

“பாதியும் நல்லதுதான் அண்ணே,” என்றார். “உங்க ரத்தத்துல நேச்சுரல் கில்லர்னு ஒரு செல் இருக்கு. ரோட் பிளாக்ல போலீஸ் ஐசி கார்டு பாக்குற மாதிரி, மத்த செல்லோட அடையாளத்தப் பாத்துக்கிட்டே போகும். தனக்குப் பழக்கமான அடையாளம் இல்லன்னா அடிச்சிரும். பாதிப் பொருத்தத்துல சில பேருக்கு அது ரொம்ப உதவும். ஒளிஞ்சிருக்கிற புற்று செல்ல விடாது.”

“அக்காவோட நல்ல செல்ல அடிச்சிட்டா?”

“மத்த உறுப்புங்கள அது அவ்வளவா தொடாது. ஆனா எதையும் உறுதியா சொல்ல முடியாது அண்ணே.”

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. செல்கள் பெருக எனக்கு ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பு விண்விண்ணென்று வலித்தது. பிறகு ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்தெடுக்கும் மெஷின் பக்கத்தில் ஒரு பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தேன்.

அவற்றை ஏற்றியபின் அக்காவைத் தனியறையில் வைத்திருந்தார்கள். வாய் முழுக்கப் புண். பேச முடியாமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையசைப்பாள். மூன்றாவது வாரம் டாக்டர் ரிப்போர்ட்டோடு வந்தார்.

“உங்க செல்லு அங்க வேலைய ஆரம்பிச்சிருச்சு அண்ணே. கில்லர் செல்தான் முதல்ல ஏறியிருக்கு.”

வாழ்க்கையில் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை நான். பள்ளியில் சண்டை வந்தால் ஓடிப்போய் அக்கா பின்னால் நிற்பவன். அன்று ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து, ஒரு கிளாஸ் தேத்தாரிக் டீயை முன்னால் வைத்துக்கொண்டு அழுதேன்.

இப்போது அக்கா மறுபடியும் பள்ளிக்குப் போகிறாள். போன வாரம் போன் செய்தாள்.

“கிளினிக்ல ரத்தம் என்ன வகைன்னு கேட்டாங்க. பழைய ஞாபகத்துல பி-ன்னு சொல்லிட்டேன். கார்டப் பாத்துட்டு நர்ஸ் ஓ-ங்கிறாங்க. உன்னோடது லா!”

“சந்தோஷம்தானே?”

“உன்ன மாதிரியே கத்திரிக்கா பிடிக்கலடா இப்பல்லாம். அதுவும் உன் வேலையா?”

டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.