நண்டுக் கறிக் கடைக்கு வழி

அமிர்தகழிக் கோயிலுக்குப் போகிற வீதியில் எனக்கொரு சாப்பாட்டுக் கடை. காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு. பல வருடமாக நடத்துகிறேன். என் கைப்பக்குவத்தில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

பக்கத்து ஒழுங்கையில் ஒருத்தி தகரக் கொட்டில் போட்டு நண்டுக் கறியும் பிட்டும் விற்கத் தொடங்கினாள். என்னைவிட இளையவள். வீதியில் கண்டால் "என்னக்கா, சுகமா?" என்று கேட்பாள். கொழும்பிலிருந்து வந்த யாரோ அவளுடைய கறியைச் சாப்பிட்டுவிட்டு வீடியோ போட்டார்கள். அவ்வளவுதான். சனி, ஞாயிறு என்றால் வான் வானாக ஆட்கள். ஒழுங்கைக்குள் வான் திரும்பாது, என் கடை வாசலில்தான் நிற்கும். கண்ணாடியை இறக்கி, அந்த நண்டுக் கறிக் கடை எங்கே என்று என்னிடமே கேட்பார்கள். அகப்பை பிடித்த கையாலேயே வழி காட்டுவேன். என் பானையில் சோறு அப்படியே கிடக்கும்.

வயிறு எரிந்தது. வேறு சொல் தேட வேண்டியதில்லை.

ஆறுதல் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. அவள் கறிக்குச் சுவைத்தூள் போடுகிறாள் என்றாள் எனக்கு மீன் கொண்டுவருகிறவள். வீடியோ பழசானால் கூட்டமும் போய்விடும் என்றார் கணவர். கேட்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களில் ஒருவரும் அங்கே சாப்பிட்டதில்லை. நானும்தான். சமையலையே தொழிலாக வைத்திருக்கிற நான், ருசி பார்க்காத கறிக்குக் குறை சொல்வது எனக்கே சரியாகப் படவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, நல்ல சேலை ஒன்று உடுத்துக்கொண்டு போய்க் கொழும்பு ஆட்களோடு வரிசையில் நின்றேன். அவள் என்னைக் கண்டு கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே வரச் சொன்னாள். என் முறை வரட்டும் என்றேன்.

கறியை வாயில் வைத்ததும் விளங்கிவிட்டது. தேங்காயைப் பதமாக வறுத்து அரைத்திருந்தாள். முருங்கையிலையைச் சரியான நேரத்தில் போட்டிருந்தாள். நண்டு அன்றைக்கு வாவியில் பிடித்தது. தூளும் இல்லை, மாயமும் இல்லை. வீடியோ இல்லாவிட்டாலும் இந்தக் கறிக்கு ஆள் வரும்.

தட்டை எடுக்க அவளே வந்தாள். எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டாள்.

"உன்ட கடைக்கு வாற வானைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியுது, புள்ள," என்றேன். "அதான் சாப்பிட்டுப் பார்க்க வந்தன். கறி நல்லாத்தான் இருக்கு. உனக்கு இந்தச் சனம் வரவேண்டியதுதான்."

அவள் எதிரே உட்கார்ந்து, வெளியூர் ஆட்கள்தான் வருகிறார்கள், இந்த வீதியில் இருந்து ஒருவர்கூட வந்து சாப்பிடவில்லை என்றாள்.

"நீங்கதான் அக்கா முதல் ஆள்."

"பிட்டுக்கு ஊத்துற சொதி மட்டும் என்ட அளவுக்கு வரல்ல," என்றேன்.

"ஓம், அது எனக்கும் தெரியும்," என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு மத்தியானச் சோற்றைக் குறைத்து, வெள்ளன எழும்பி இடியப்பத்தைக் கூட்டினேன். பள்ளிக்கூடத்துக்கும் கந்தோர் வேலைக்கும் போகிறவர்கள் இப்போது நின்று வாங்கிப் போகிறார்கள். அவள் எனக்கு ஆள் அனுப்பினாளா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. என் இடியப்பத்துக்கு நானே ஆள் சேர்த்தேன். அவளுக்கு வருகிற கூட்டம் எனக்கு வரவில்லை, வரப்போவதுமில்லை. வழி கேட்கிறவர்களுக்கு, நண்டு எடுங்கள், நன்றாக இருக்கும் என்று சேர்த்தே சொல்லி அனுப்புகிறேன்.

போன மாதம் அவள் கொட்டிலைப் பிரித்துக் கல்லால் கட்டத் தொடங்கினாள். சீமெந்து லொறி என் வாசலைத் தாண்டும்போது உள்ளே சுருக்கென்றது. அன்று பின்னேரமே மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். பூசாத சுவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, இரண்டு பேரும் பிட்டும் இறால் கறியும் சாப்பிட்டோம். மகள் இன்னும் கொஞ்சம் கறி கேட்டாள். நானும் தட்டை நீட்டினேன்.